கறுப்பு அட்டை

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மைசூர் தசரா விளக்குகள்மேல் ஓர் உரிமை உண்டு என்று அப்பா சொல்வார். சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழும் இடத்தில் எடுத்த மின்சாரம் 1902இல் முதலில் போய்ச் சேர்ந்தது அரண்மனைக்கு அல்ல, எங்கள் சுரங்கங்களுக்கு. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் காடும் மேடும் தாண்டிக் கம்பி இழுத்தார்கள். அன்றைக்கு உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல். மைசூருக்கு வெளிச்சம் வர 1908 ஆயிற்று. அந்தத் திட்டத்துக்கு வித்திட்ட திவான் சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டிலிருந்து போனவர். மின்சாரம் ஓடுவதைப் பார்க்காமலே 1901இல் காலமானார்.

"நம்ம மைன்ஸுக்கு வந்த கரண்ட்டுதான்டா அப்புறமா அங்க போச்சு" என்பார் அப்பா. அவர் சாம்பியன் ரீஃபில் தொழிலாளி. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி, பாறையே சுடுகிற ஆழத்துக்கு இறங்குகிறவர். அந்தச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அத்தனை ஆழத்தில் வேலை செய்தவருக்கு வருடத்தில் ஒரு ராத்திரியாவது வெளிச்சத்தின் நடுவே நிற்க வேண்டும் என்று ஆசை. அதற்காக எங்களைத் தசராவுக்கு அழைத்துப் போவார். மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூர். அங்கிருந்து மீட்டர் கேஜில் மைசூர். அம்மா புளிசோறு கட்டி எடுத்து வருவாள்.

அரண்மனைத் திடலில் நிற்கும்போது வானம் முழுக்கக் கறுத்திருக்கும். போலீஸ் பேண்டு வாசித்துக்கொண்டிருக்கும். எதிரே ஒரு பெரிய நிழல் நிற்பது தெரியும், அவ்வளவுதான். ஏழு மணிக்கு அத்தனை பல்பும் ஒரே நேரத்தில் எரியும். ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள். எல்லாம் அந்தக் கால இழை பல்புகள். கும்மட்டம், வளைவு, தூண், கைப்பிடிச் சுவர் என்று கட்டடத்தின் விளிம்பு ஒவ்வொன்றையும் பல்பு வரிசை தொட்டுக்கொண்டு போகும். 1897இல் பழைய மர அரண்மனை எரிந்துபோன பிறகு இதை வரைந்து கொடுத்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழும்பூர் ரயில் நிலையத்திலும் அவர் கை உண்டு. 1912இல் கட்டி முடித்த அந்த அரண்மனையில் வளைவுக்கும் விளிம்புக்கும் குறைவில்லை. அதனால் விளக்கு எரிந்ததும் கல் மறைந்து வெறும் கோட்டோவியம் நிற்கும். கூட்டம் முழுக்க ஒரே குரலில் "ஹோ" என்று கத்தும்.

அந்த நொடியில் எல்லோரும் அரண்மனையைப் பார்ப்பார்கள். அப்பா மட்டும் திரும்பிக் கூட்டத்தைப் பார்ப்பார். "மூஞ்சியெல்லாம் பாருடா" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். ஒரு நிமிஷத்துக்கு முன்பு இருட்டில் யாரென்றே தெரியாமல் நின்ற ஆயிரக்கணக்கான மனிதர்களின் முகங்கள் பொன்னிறமாகத் தெரியும். தோளில் உட்கார்ந்த குழந்தை, பல்லில்லாத பாட்டி, பலூன் விற்கிற பையன், தலைப்பாகை கட்டிய மாண்டியா விவசாயி. யாரும் யாரையும் பார்க்காத, முகத்தில் எந்தக் காவலும் இல்லாத நேரம் அது. பின்னாளில் நான் கேமராவைக் கையில் எடுத்தபோது என்ன எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பதில் முன்னாலேயே என்னிடம் இருந்தது.

எப்படி எடுப்பது என்பதை ராபர்ட்சன்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். கல்யாணப் படமும் பாஸ்போர்ட் படமும் எடுத்துப் பிழைத்தவர். ராத்திரிப் படம்தான் அவருக்கு உயிர். அவரிடம் ஒரு ரஷ்ய ஜெனித் இருந்தது. அதில் ஷட்டரின் மிக மெதுவான வேகமே முப்பதில் ஒரு நொடி. அதற்கும் கூடுதலாக வெளிச்சம் வேண்டுமென்றால் 'பி' என்ற குறிக்குத் திருப்பிவிட்டு, கேபிள் ரிலீஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாயால் எண்ண வேண்டும். பிலிம் ஊட்டியிலிருந்து வரும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள். அதைச் சிக்கனமாகப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று யோசிக்கிற பழக்கம் வந்தது.

அண்ணன் தன் பழைய பிரிண்டுகளை மேசையில் பரப்பிவைத்துப் பாடம் நடத்துவார். பிலிம் நீண்ட நேரம் வெளிச்சம் பட்டால் சோர்ந்துபோகும்; ஒரு நொடிக்கு மேல் போனால் கணக்குப்படி போதும் என்கிற நேரம் போதாது, அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு அதிகம். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு அந்தச் சிவப்பை உணரும் திறன் குறைவு, அதற்கும் சேர்த்து நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு இருட்டறையில் டெவலப்பரில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பல்பு வெள்ளைப் பொட்டாகப் பொங்கிப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் விழுங்காது. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கினால் ஒவ்வொரு பல்பும் நட்சத்திரமாகக் கதிர் விடும். பெரிதாகத் திறந்தால் உருண்டையாகத் தெரியும். எது வேண்டும் என்பதைத் தெரு சொல்லும், கேமரா சொல்லாது என்பார்.

அவர் கொடுத்த கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கறுப்பு அட்டை. பிலிம் பெட்டிக்குள் வரும் கறுப்புக் காகிதத்தை அட்டையில் ஒட்டிச் செய்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. ஷட்டரைத் திறந்து பூட்டிவிட்டு, வேண்டாதது வரும்போது லென்ஸ் முன்னால் அட்டையைப் பிடிக்க வேண்டும். போனதும் எடுக்க வேண்டும். ஷட்டர் திறந்தே இருக்கும். பிலிமுக்கு மட்டும் அந்த நேரம் இருட்டு.

சய்யாஜி ராவ் சாலையில் அதன் அருமை தெரிந்தது. அரண்மனைக்கு முன்பே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிடும். அக்டோபரில் சூரியன் ஆறு மணி வாக்கில் விழும். அதற்குப் பிறகு இருபது இருபத்தைந்து நிமிஷம் வானம் கறுக்காமல் ஆழ்ந்த நீலமாக நிற்கும். அப்போது வானத்தின் வெளிச்சமும் விளக்கின் வெளிச்சமும் ஏறத்தாழச் சமமாக வரும். கட்டடத்தின் உருவமும் தெரியும், அதன்மேல் மாட்டிய சீரியல் செட்டும் தெரியும். அந்த இருபது நிமிஷத்துக்காக மத்தியானத்திலிருந்தே இடம் பார்த்துவைப்பேன். கே.ஆர். சர்க்கிளில் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சிலையைச் சுற்றி எங்கே முக்காலி நிறுத்தினால் கூட்டம் இடிக்காது, தேவராஜ மார்க்கெட்டின் முகப்பு எந்தக் கோணத்தில் விளக்கு வரிசையோடு சேரும், சின்னக் கடியாரத்தின் மணிக்கூண்டு எங்கிருந்து தனித்துத் தெரியும் என்று நடந்து நடந்து பார்ப்பேன். மார்க்கெட்டின் மல்லிகை வாசனையும் குதிரை வண்டிகளின் சாண வாசனையும் சேர்ந்த காற்று அது.

இடம் பிடித்து ஷட்டரைத் திறந்தால் பஸ் வரும். அதன் முன்விளக்கு ஒரு நொடி நேராகப் பட்டாலே போதும், படத்தின் பாதி வெள்ளையாகிவிடும். அட்டை குறுக்கே வரும். பஸ் போனதும் விலகும். மறுபடி ஸ்கூட்டர், மறுபடி அட்டை. நடந்துபோகிறவர்கள் பிலிமில் பதியாமல் கரைந்துவிடுவார்கள். நிற்கிறவர்கள் மட்டும் தங்குவார்கள். ஓடுகிற விளக்கும் அப்படித்தான். வரிசையாக எரிந்து அணைந்து அம்பு போல ஓடுகிற சீரியல், நீண்ட நேரம் திறந்த பிலிமில் ஓட்டத்தை இழந்து மொத்தமாக எரிந்துநிற்கும். எதை ஓடவிடுவது, எதை நிறுத்துவது என்பதை அட்டை பிடித்த கைதான் முடிவுசெய்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுவது யாராலும் முடியும். இருட்டை எங்கே, எவ்வளவு விட்டுவைப்பது என்பதில்தான் படம் இருக்கிறது என்று அந்தச் சாலையில் புரிந்தது.

அரண்மனைக்கு இந்த நீல வானம் கிடைக்காது. அங்கே ஏழு மணிக்குத்தான் விளக்கு. அதற்குள் வானம் கறுத்துவிடும். அண்ணன் இதற்கும் வழி வைத்திருந்தார். அந்தியிலேயே முக்காலியை நிறுத்தி, ஷட்டரைத் திறந்து, மங்கிய வானத்தில் கல் கட்டடம் லேசாகப் பதிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்துவிட்டு, லென்ஸை மூடியால் மூடிவிட வேண்டும். கேமராவை யாரும் தொடாமல் ஏழு மணிவரை காவல் இருக்க வேண்டும். விளக்கு எரிந்ததும் மூடியைத் திறந்து அதே பிலிமில் சில நொடி. கல்லும் விளக்கும் ஒரே படத்தில் வந்து சேரும். அந்தக் காவல் வேலையை அப்பா செய்வார். முக்காலியின் மூன்று கால்களையும் சுற்றி நிற்பதுபோல் கைகளை அகட்டிக்கொண்டு, ஓடிவருகிற பிள்ளைகளைக் கன்னடத்தில் அன்பாக விலக்கி அனுப்புவார்.

கேமரா பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பற்றித் தெரியும். சுரங்கத்தில் தொப்பியில் மாட்டிய ஒரே விளக்கில்தான் எல்லாம். அந்த விளக்கை இன்னொருவர் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது என்பது கீழே இறங்குகிறவன் கற்கிற முதல் மரியாதை. கண் கூசினால் பக்கத்தில் இருக்கும் குழி தெரியாது. பாறையைப் பார்க்கும்போதும் நேராக அடிக்க மாட்டார்களாம். தலையைச் சாய்த்து, பாறையின் மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரிப் பிடிப்பார்களாம். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிகிற பாறையில் சாய்ந்த வெளிச்சம் பட்டால் மயிரிழை விரிசலும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பாறை வெடித்துச் சிதறுகிற ஊரில் அந்த விரிசலைக் கண்டவன் பிழைத்தான்.

"விளக்கப் பாக்காத. விளக்கு எதுமேல விழுதுன்னு பாரு. அதுவும் பக்கவாட்டுல பாரு" என்றார். நான் அவர் சொன்னபடி நின்று பார்த்தேன். அலங்கார வளைவின் நேர் கீழே நிற்கிறவரின் கண்குழியில் நிழல் விழுந்து முகம் கெடுகிறது. வளைவிலிருந்து பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நிற்கிறவரின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாக எழுந்து நிற்கிறது. அதன் பிறகு தெருவுக்குள் போனால் விளக்குக்கு முதுகு காட்டி நிற்கப் பழகினேன். கடலைக்காரர் தள்ளுவண்டிமேல் குனியும்போது, பொம்மைக் கடையில் தாய் குழந்தையிடம் திரும்பும்போது, போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைக்கும்போது, பக்கத்து மரத்தில் சுற்றிய விளக்கு சாய்வாக வந்து விழும். நான் எடுத்ததில் மிஞ்சி நிற்கிற படங்கள் எல்லாம் அப்படி எடுத்தவைதான்.

அவற்றில் ஒன்று அப்பாவின் படம். அரண்மனை விளக்கு எரிந்த பிறகு, அதற்கு முதுகு காட்டி முக்காலியை நிறுத்தி எடுத்தது. ஒரு நொடிக்கும் மேல் அசையாமல் நிற்க வேண்டும் என்றேன். கேஜில் இறங்கும்போது தோளோடு தோள் ஒட்டி அசையாமல் நிற்கிற பழக்கம் அவருக்கு. கல் மாதிரி நின்றார். பின்னால் கூட்டம் நகர்ந்து மெல்லிய புகையாகப் படிந்திருக்கிறது. அவர் மட்டும் இமை முடி எண்ணுகிற தெளிவில் இருக்கிறார். ஒரு கன்னத்தில் அரண்மனை வெளிச்சம். மறு கன்னம் இருட்டு. அந்த இருட்டுப் பக்கத்தில் அட்டை எதுவும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

விஜயதசமி ராத்திரி பன்னிமண்டபத்தில் நடக்கும் தீவட்டி அணிவகுப்பைக் கன்னடத்தில் பஞ்சின கவாயத்து என்பார்கள். மைதானத்தின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வரிசை வரிசையாகத் தீவட்டி பிடித்தவர்கள் தாளத்துக்கு ஏற்பக் கை வீசி உருவங்களும் எழுத்துகளும் அமைப்பார்கள். இதில் நிமிஷக் கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஓர் அசைவு தொடங்கி முடிகிற வரை திறந்து, அடுத்த அசைவுக்கு முன் அட்டையைக் குறுக்கே வைத்தால் ஒவ்வொரு தீவட்டியும் ஒரே வில்லாக விழும். வரைகிறவர்கள் அவர்கள், எப்போது எழுதுகோலை எடுக்க வேண்டும் என்று பார்ப்பது மட்டும் நம் வேலை.

அதே நாள் பகலில் ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலம். அந்த வருடங்களில் 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்தது துரோணா என்ற யானை. அலங்கார வளைவுகளின் கீழே அது நடந்துவருகிற நிதானத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. 1998இல் நாகரஹொளே காட்டில் மின்கம்பி பட்டு துரோணா இறந்துபோனது. செய்தியைப் படித்த அன்று அப்பா வெகு நேரம் பேசவில்லை. நாங்கள் கொண்டாடுகிற மின்சாரம் என்ன செய்யும் என்பது சுரங்கக்காரருக்குத் தெரியாததல்ல.

அதற்குப் பிறகு விளக்கைக் கட்டுகிறவர்களைப் படமெடுக்கத் தொடங்கினேன். தசராவுக்கு முந்தைய நாட்களில் மைசூர் போனால் பார்க்கலாம். ஏணியில் நின்று மரக்கிளையில் சீரியலைச் சுற்றுகிறவர், சாலையின் இரு பக்கமும் சாரம் கட்டி வளைவை நிமிர்த்துகிறவர்கள், எரியாத வரிசையில் எந்த பல்பு போயிற்று என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தேடுகிறவர். தொடராக இணைத்த வரிசையில் ஒன்று போனால் எல்லாம் அணையும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றியதும் முழு வரிசையும் எரிந்து, அவர் முகம்தான் அந்த வெளிச்சத்தை முதலில் வாங்குகிறது. திருவிழா தொடங்குவதற்கு முன்பே நடந்துமுடிகிற திருவிழா அது. கூட்டம் வரும்போது அவர்கள் ஏணியை மடக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றுச் சொச்சம் ஆண்டு ஊதிய சங்கு நின்றது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மேடுகள் மட்டும் வெள்ளையாக நிற்க, எங்கள் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அப்பா அதற்குப் பிறகும் சில வருடம் தசராவுக்கு வந்தார். இந்து பிலிம் கிடைக்காமல் போயிற்று. ஊட்டி ஆலையும் நின்றுபோயிற்று. ஸ்டூடியோ அண்ணன் ஜெனித்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

இப்போது மைசூர்த் தெருக்களில் எல்ஈடி விளக்குகள். சாலை முழுக்க மேலே கூரை வேய்ந்ததுபோல் நீலமும் ஊதாவும் பச்சையும் எரிகின்றன. கையில் டிஜிட்டல் கேமராவோ போனோ இருக்கிறது. விதிகள் சில மாறியிருக்கின்றன. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான எல்ஈடிகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும், அல்லது எரிகிற விளக்கே அணைந்ததாகத் தெரியும். ஐம்பதில் ஒரு நொடி, இருபத்தைந்தில் ஒரு நொடி என்று மெதுவாக வைத்தால் சரியாகிவிடும். தனி நீலமும் தனிச் சிவப்பும் சென்சாரை ஒரே நிறத்தில் நிரப்பி நுணுக்கத்தை அழித்துவிடும். கேமரா சொல்வதைவிடக் குறைவாகவே வெளிச்சம் கொடுக்க வேண்டும். இழை பல்பின் பொன்னிறம் வரும் இடத்தில் கேமரா அதைத் தானாக வெள்ளையாக்கப் பார்க்கும். அந்தத் தானியங்கியை நிறுத்திவிட்டு அந்த நிறத்தை அப்படியே இருக்கவிட வேண்டும். அந்த நிறம்தான் அந்த ராத்திரியின் சாட்சி.

மாறாதது ஒன்று. இருட்டைப் பயந்து நிரப்பிவிடத் துடிக்கிற கை எல்லாக் காலத்திலும் படத்தைக் கெடுக்கும். இன்றைய போன்கள் இருட்டு என்று கண்டாலே பல படங்களைச் சேர்த்து ராத்திரியைப் பகலாக்கித் தருகின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதில் விளக்குக்கு வேலையே இல்லை. சுற்றிலும் இருட்டு இருந்தால்தான் விளக்கு எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் எட்டுகிறது, எங்கே முடிந்துபோகிறது என்பது தெரியும். ஒரு லட்சம் பல்பு எரிகிற அரண்மனைக்கும் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு தொப்பி விளக்குக்கும் இந்த விதி ஒன்றுதான். அதை எனக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி சொல்லிக்கொடுத்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தசராவுக்குக் கேமராவோடு வருகிற இளைஞர்கள் சில சமயம் என்னிடம் எந்த இடத்திலிருந்து எடுத்தால் நன்றாக வரும் என்று கேட்பார்கள். இடம் சொல்வேன், நேரம் சொல்வேன், கறுப்பு அட்டை வெட்டிக் கொடுப்பேன். பிறகு ஒன்று கேட்டுக்கொள்வேன்: ஏழு மணிக்கு அரண்மனை விளக்கு எரிந்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், உடனே திரும்பிவிடுங்கள். உங்களோடு வந்தவர்களை, பக்கத்தில் நிற்கிறவர்களை, முடிந்தால் விளக்கு கட்டியவர்களைக் கேட்டு எடுங்கள். பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஊரும் வருடமும் எழுதி, ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள். அரண்மனைக்குப் படங்கள் ஏராளம் இருக்கின்றன. அந்த வெளிச்சத்தில் நின்ற மனிதர்களில் பலருக்கு ஒரு படம்கூட இல்லை.